உன் சாட்டுக்கு அம்மா ஆள் இல்லை

மகன்,

இதைப் போனில் சொன்னால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று கேட்டுவிட்டு, போனை வைத்ததும் உன் பாட்டில் இருப்பாய். நேரே சொன்னாலோ பிரிட்ஜைத் திறந்து, இது எப்ப வைத்த குழம்பு என்று கதையை மாற்றுவாய். முப்பத்திரண்டு வருடமாக உன்னை அறிந்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக இருந்து முழுவதையும் வாசி. இதில் மறைக்க ஒன்றும் இல்லை. யார் கையில் கிடைத்து யார் வாசித்தாலும் எனக்கு வெட்கமில்லை, வெட்கப்பட வேண்டியதையெல்லாம் நானே எழுதியிருக்கிறேன்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் உன் மனைவி தனியாக வந்தாள். வழமையாகக் கியாரா வரும்போது சப்பாத்து ஒரு பக்கம், ஜக்கெற் ஒரு பக்கம் பறக்கும், "அம்மா, பசிக்குது" என்ற குரல் அவளுக்கு முதலே குசினிக்குள் வந்துவிடும். நேற்று அப்படி ஒன்றும் இல்லை. வந்து மேசையடியில் இருந்தாள். நான் உரிக்க வைத்திருந்த உள்ளியை எடுத்து உரிக்கத் தொடங்கினாள். கோப்பை அரைவாசி நிறைந்த பிறகுதான் வாய் திறந்தாள். "அம்மா, நான் இத்தாலிக்குப் போகேல்லை. நீங்கள் கவலைப்படாதேங்கோ" என்றாள்.

எந்த இத்தாலி, யார் கவலைப்பட்டது என்று கேட்டேன். அப்போதுதான் எல்லாம் வெளியில் வந்தது. அவளுடைய நாட்டில், அவள் பிறந்த ஊரிலிருந்து இரண்டு மணித்தியாலத் தூரத்தில், இரண்டாம் பிரிவில் உதைபந்து விளையாடும் ஒரு பெண்கள் அணி அவளைத் தலைமைக் கோச்சாக வரச்சொல்லிக் கேட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னர் பதில் சொல்ல வேண்டும். நீ அவளிடம், "அம்மாவைத் தனிய விட்டிட்டு என்னால வரேலாது" என்று சொல்லியிருக்கிறாய். அவளும் அதை நம்பி, வேண்டாம் என்று எழுதப் போகிறாளாம். அதை எழுதுவதற்கு முன்பு என் மனதை ஆற்ற வந்திருக்கிறாள். என் மனதில் ஆற்றுவதற்கு என்ன இருந்தது? எனக்குத்தான் ஒன்றுமே தெரியாதே.

அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ வந்து இரண்டு கோப்பை புட்டுச் சாப்பிட்டுவிட்டு, முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு, படியில் ஏறி இறங்க முழங்கால் நோகுதோ என்று கேட்டாயே. என் பிள்ளைக்கு என்ன கரிசனை என்று பூரித்துப்போனேன். அடப்பாவி, நீ சாட்சி சேர்க்க வந்திருக்கிறாய்.

அப்பா போன பிறகு நான் தனியவாம். திங்களும் வியாழனும் மூத்தோர் சங்கத்தில் உடற்பயிற்சி என்ற பெயரில் கதையும் சிரிப்பும். வெள்ளி கோயில் மடப்பள்ளியில் மரக்கறி வெட்டு. சனிக்கிழமை, ரொறன்ரோவுக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியிருக்கும் உன் சித்தி, காரை எடுத்துக்கொண்டு வா அக்கா என்று விடியவே போன் அடிப்பாள். இங்கே மில்லிக்கனிலிருந்து அங்கே பனிக்குள்ளும் நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன், நீயல்ல. எனக்குத் தனிமை வேண்டுமென்றால் உன் கந்தோருக்கு வந்து முன்கூட்டியே பெர்மிட் எடுக்க வேண்டும்.

நீ நகரசபையில் விளையாட்டு மைதானங்களுக்குப் பெர்மிட் கொடுப்பவன். இன்ன நாள், இன்ன நேரம், இன்ன மைதானம், இன்ன அணி என்று பிரித்துக் கொடுத்து, ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் வந்து முட்டிக்கொள்ளாமல் பார்ப்பது உன் வேலை. கியாரா உன் வாழ்க்கைக்குள் வந்ததும் அந்த மேசைக்கு முன்னால்தான். அவளுடைய அணிக்கான படிவத்தை அவளுக்கு முந்தியிருந்த கோச் நேரத்துக்குக் கொடுக்கவில்லை. பிழை தங்களுடையதுதான் என்று தெரிந்துகொண்டே உன்னிடம் வந்து முக்கால் மணித்தியாலம் சண்டை பிடித்தாள் என்று நீ வீட்டுக்கு வந்து சொன்னாய். அடுத்த இரண்டு கிழமையும் சாப்பிடும்போதெல்லாம் "அந்த இத்தாலிக்காரியின்ர வாய் இருக்கே" என்று அவளைப் பற்றியே கதை. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. உனக்கு விளங்க இன்னும் நாலு மாதம் எடுத்தது.

உனக்கு அவளைக் காதலிக்கத் தெரியும். அவள் எங்கிருந்து நடந்து வந்தவள் என்று நீ யோசித்துப் பார்த்தாயோ தெரியாது. எனக்கு அவள் குசினியில் இருந்து, பாதித் தமிழும் பாதி இங்கிலீசுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய சின்ன ஊரில் ஒரேயொரு மைதானம், அதில் பையன்களின் அணி மட்டும். அந்த அணியில் இவள் ஒருத்திதான் பெட்டை. பதினாலு வயதானதும் இனிப் பையன்களோடு விளையாட முடியாது என்று சட்டம் சொல்லி வெளியே விட்டார்கள். தகப்பன் முடிதிருத்துபவர். கடைக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள் என்று அவருக்குப் பயம். தாய் பேசாமல் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வந்து சமைத்தாவாம். அதற்குப் பிறகு இரண்டு ரெயின் மாறிப் போய் ஒரு பெண்கள் அணியில் விளையாடினாள். வளர்ந்து பெரிய அணிக்குப் போன பிறகும் காலையில் பழக் களஞ்சியத்தில் தோடம்பழப் பெட்டி தூக்கினாள், பின்னேரம் பயிற்சிக்குப் போனாள். அங்கே அந்தக் காலத்தில் பெண்கள் உதைபந்தாடினால் அதை வேலை என்று யாரும் கணக்கெடுப்பதில்லை, பொழுதுபோக்கு என்றே எழுதி வைத்திருந்தார்களாம். பத்து வருடம் அப்படி நடுக்களத்தில் நின்று ஓடியிருக்கிறாள்.

நான் விளங்காதவள், எத்தனை கோல் அடித்தாய் பிள்ளை என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிக் காட்டினாள், இரண்டு கை போதுமாக இருந்தது. ஐயோ பாவம், பெரிதாக விளையாடத் தெரியாதுபோல என்று நான் நினைத்தது அவளுக்கு என் முகத்தில் தெரிந்துவிட்டது. "அம்மா, கோல் அடிக்கிறவளுக்குப் பந்து எங்கயிருந்து வருது?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் சிரித்தேனே தவிர, விளங்கவில்லை.

பிறகு முழங்கால் கதை. வீங்கியிருந்த காலுக்கு ஊசி போட்டு விளையாட இறக்கியது அவளுடைய கோச்தான். விளையாட்டின் நடுவில் கால் விட்டுப்போய்விட்டது. அடுத்த நாள் அந்த மனுசன் பத்திரிகைக்காரரிடம், காலில் நோ இருந்ததை அவள் தன்னிடம் மறைத்துவிட்டாள் என்று சொன்னானாம். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. "முழங்கால் நோ மாறிட்டுது அம்மா. மற்றது மாறேல்லை" என்று மட்டும் சொன்னாள். ஆறு மாதம் ஆறிப் போக இங்கே வூட்பிரிட்ஜில் இருக்கும் தன் அன்ரியிடம் வந்தவள், சும்மா இருக்க முடியாமல் பக்கத்துப் பூங்காவில் சின்னப் பெட்டைகளுக்குப் பந்து உதைக்கக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். அதில் பிடித்த பைத்தியம்தான். ஒவ்வொரு சான்றிதழாக எடுத்து, கடைசி இடத்தில் கிடந்த ஒரு பெண்கள் அணிக்குக் கோச்சானாள். அந்த நிலையில்தான் உன் மேசைக்கு வந்தாள்.

சரி, கலியாணத்துக்கு வருகிறேன். உனக்கு நெஞ்சு இடிக்கும், இடிக்கட்டும்.

நாள் வைத்தது நான். அவள் பிறந்த நேரம் வேண்டும் என்று வூட்பிரிட்ஜ் அன்ரியைக் கேட்டேன். அவ இத்தாலிக்குப் போன் அடித்தா. பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது ஒருவருக்கு ஒரு கன்னம் மட்டும் வழித்து முடித்திருந்தேன், அப்படியென்றால் காலை பத்தரை என்று தகப்பன் சொன்னாராம். அதை வைத்துக்கொண்டு ஐயர் குறிப்பு எழுதினார். ரோகிணி நட்சத்திரம், நல்ல பொருத்தம். மார்க்கம் நகரில் நாங்கள் பார்த்த மண்டபத்தில் ஆவணியில் ஒரேயொரு ஞாயிறு மிஞ்சியிருந்தது, அதில் முகூர்த்தமும் இருந்தது. நான் யாரைத்தான் கேட்கவில்லை? ஐயரைக் கேட்டேன், மண்டபத்தைக் கேட்டேன், மணவறைக்காரரைக் கேட்டேன், படம் எடுக்கிற பொடியனைக் கேட்டேன், உன் சித்தியின் மகளுக்குச் சோதனை இருக்கிறதோ என்றுகூடக் கேட்டேன். கலியாணப் பொம்பிளையைக் கேட்கவில்லை. எங்கள் ஆட்களில் பொம்பிளைக்கு நாளைச் சொல்வோம், பொம்பிளையிடம் நாள் கேட்கும் வழக்கம் இல்லை. உன்னைக் கேட்டேன், நீ "ஓம் அம்மா" என்றாய்.

கார்ட் அடித்துக் கொடுத்தும் முடிந்தது. ஒருநாள் வூட்பிரிட்ஜ் அன்ரி ஒரு பெட்டி கேக்கோடு வந்து, தன் இங்கிலீசிலும் என் இங்கிலீசிலுமாக ஊர்க்கதை கதைத்தா. போகும்போது, இந்த முறை கியாராவின் அணி நல்லாக விளையாடுகிறது, ஆனால் பைனலும் கலியாணமும் ஒரே நாளில் வருவதுதான் கவலை என்றா. நீ வேலையால் வந்ததும் கேட்டேன். நீ சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "அவை பைனலுக்கு வரமாட்டினம் அம்மா. போன முறை கடைசி."

உனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஒரே நேரத்தில் இரண்டு கூட்டம் முட்டாமல் பார்த்துச் சம்பளம் எடுக்கிற நீ, உன் கலியாணத்தில் முட்ட விட்டுவிட்டாய். அவளிடம், அம்மா நாள் வைத்துவிட்டா, இனி மாற்றேலாது என்றிருக்கிறாய். என்னிடம், அவளுக்குச் சரியாம் என்றாய். இரண்டு பக்கமும் சமாளித்துவிட்டு, கட்டப்போகிற பெட்டை தோற்றுப்போவாள் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறாய். அப்போது நான் உனக்கு இரண்டு அறை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அப்பாடா என்றிருந்தது எனக்கு.

இனி நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. செமி பைனல் ஒரு சனிக்கிழமை, ஒஷாவாவில். அன்று காலமை நான் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனைக்குக் கியாராவின் பெயரையும் ரோகிணி நட்சத்திரத்தையும் கொடுத்தேன். ஐயர் பெயரைச் சொல்லி மணியை ஆட்டும்போது நான் கண்ணை மூடி, பிள்ளையாரே, இந்தப் பிள்ளையின் அணி இன்றைக்குத் தோற்கட்டும், ஒருத்திக்கும் அடிகிடி படாமல் தோற்கட்டும் என்று வேண்டினேன். வெளியில் வந்து தேங்காய் உடைத்தேன். சரி பாதியாக உடைந்தது. பிள்ளையார் ஏற்றுக்கொண்டார் என்று நிம்மதியாக வந்து சோறு போட்டுச் சாப்பிட்டேன். வரப்போகும் மருமகள் தோற்க வேண்டும் என்று அவளுடைய பெயரிலேயே அர்ச்சனை செய்த மாமி இந்த ரொறன்ரோவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாலு மணிக்குப் போன் வந்தது. "அம்மா, வெண்டிட்டம்" என்றாள். பின்னால் பஸ்ஸுக்குள் பெட்டைகள் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்தார்கள். பெனால்ட்டியில் வென்றார்களாம். யார் அடித்தது, யார் பிடித்தது என்று மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, பைனலை உதவிக் கோச் பார்த்துக்கொள்வாள், கலியாணம் கலியாணம்தான், நானாக யோசித்து எடுத்த முடிவு, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்கக் கூடாது என்றாள். என்மேல் ஒரு சொல் குறை இல்லை. உன்மேலும் இல்லை. போனை வைத்துவிட்டுப் படியிலேயே இருந்துவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு வெட்கம் எனக்கு வந்ததில்லை.

அடுத்த நாள் மண்டபத்துக்குப் போன் அடித்தேன். இனி ஞாயிறு என்றால் தை மாதம்தான், வேண்டுமென்றால் பைனலுக்குப் பிறகு வருகிற புதன் இருக்கிறது என்றார்கள். புதன்கிழமை யார் கலியாணம் வைப்பார்கள், வேலை நாளல்லவா? ஐயரைக் கேட்டேன். மனுசன் பஞ்சாங்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பொன் கிடைச்சாலும் புதன் கிடைக்காது எண்டு சும்மாவே சொன்னவை?" என்றார். தாலிக்குப் பொன்னுருக்கிய பிறகு பொம்பிளை வெளியில் திரியக்கூடாதே என்று கேட்டேன். அதைத் திங்கள் வைப்போம், ஞாயிறு பிள்ளை விளையாட்டுக்குப் போய் வரட்டும் என்றார். நீயும் அந்த ஐயரிடம் கொஞ்சம் பாடம் படிக்கலாம்.

ஆனால் முந்நூற்றைம்பது பேருக்குக் கார்ட் போய்விட்டதே. நாலு நாள் இருந்து எல்லோருக்கும் நான்தான் போன் அடித்தேன். எங்கள் சனத்திடம் கலியாண நாள் மாறிவிட்டது என்றால் அவர்களுக்கு என்ன விளங்கும்? பொம்பிளை ஓடிவிட்டாள் என்று சிலருக்கு விளங்கியது, மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று சிலருக்கு விளங்கியது. ஒரு அண்ணை நேராகவே, "பொடியன் ஏதும் வில்லங்கமோ?" என்று கேட்டார். முதல் பத்துப் பேருக்கும் மண்டபத்தில் ஏதோ பிரச்சினை என்று புளுகினேன். பதினோராவது ஆள், பொதி செய்யும் தொழிற்சாலையில் என்னோடு இருபத்திரண்டு வருடம் நின்ற அக்கா. நான் பொய் சொன்னால் அவவுக்கு மூச்சிலேயே தெரியும். என்னடி, உண்மையைச் சொல்லு என்றா. பொம்பிளைக்கு அன்றைக்கு மட்ச் இருக்கக்கா என்று சொல்லிவிட்டேன். நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா கேட்டா, "எந்த மைதானம்? நாங்களும் வரலாமோ?"

அதற்குப் பிறகு எனக்கு ஒரு துணிவு வந்தது. முதல் பத்துப் பேருக்கும் திரும்ப அடித்து, நான் சொன்னது பொய், என் மருமகள் கோச், அவளுக்குப் பைனல் இருக்கிறது என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போது எனக்கு என்ன சந்தோசம் தெரியுமோ? கழுத்தில் இருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

பைனலுக்கு எங்கள் ஆட்கள் மட்டும் ஐம்பது பேர் வந்ததும், மிக்சர் பையும் றோல்ஸ் பெட்டியும் தேத்தண்ணி பிளாஸ்க்குமாக வேலியோரம் நிரம்பியதும், எது எங்கள் பக்கம் என்று தெரியாமல் மற்றப் பக்கத்துக்கும் சேர்த்து அக்கா கை தட்டியதும் நீ பார்த்தது. நீ பார்க்காத ஒன்றை நான் பார்த்தேன். நான் தொழிற்சாலையில் லைன் லீட் ஆக நின்றவள். பன்னிரண்டு பேர் வரிசையில் நிற்க, யாருக்குக் கை ஓய்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பு எனக்குத் தெரிய வேண்டும். கியாரா கோட்டுக்கு வெளியே நின்று அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். பந்து ஒரு பக்கம் போகும், அவளுடைய கண் மற்றப் பக்கம் போகும். இந்தப் பெட்டை என் தொழில்தானே செய்கிறாள் என்று நினைத்தேன். நடுக்களத்தில் நிற்கிறவளின் வேலையும் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

தோற்றார்கள். கடைசிக் கால்மணித்தியாலத்தில் நடுவில் நின்ற சின்னப் பெட்டை ஒருத்தி காலடியில் இருந்த பந்தை விட்டுவிட்டாள், அதிலிருந்து ஒரு கோல். விளையாட்டு முடிந்ததும் அந்தப் பிள்ளை புல்லில் குந்தியிருந்து அழுதது. கியாரா எல்லோரையும் சுற்றி இருத்தி இங்கிலீசில் கதைத்தாள். நான் வேலிக்குப் பக்கத்தில் நின்றேன், எனக்குக் கேட்டது. அந்தப் பிள்ளையின் கால் அதற்கு முன்பே களைத்துவிட்டது தனக்குத் தெரிந்தது, சமாளிப்பாள் என்று அவளை மாற்றாமல் விட்டது தான்தான் என்று சொல்லி, "அந்தக் கோல் என்னுடையது" என்றாள். அவ்வளவுதான். குரலும் உயரவில்லை, அழவும் இல்லை. அந்தப் பிள்ளை தலையை நிமிர்த்திப் பார்த்தது. எனக்குத்தான் கண் கலங்கியது. இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு நாளாவது மேலே போய், இந்தப் பிழை என்னுடையது என்று நான் சொன்னதில்லை. மெசின் பிழை, பெட்டி பிழை, முந்தின ஷிப்ற் பிழை.

புதன்கிழமைக் கலியாணத்துக்கு லீவு போட்டுக்கொண்டு அழைத்ததைவிட நாற்பது பேர் கூட வந்தார்கள். உதைபந்துப் பெட்டைகள் எல்லோருக்கும் நானும் சித்தியும் சேலை கட்டிவிட்டோம். ஒருத்தி கொய்யக மடிப்பைப் பிடித்துக்கொண்டு, இதோடு எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். பந்தை விட்ட பிள்ளைதான் கியாராவுக்குப் பக்கத்தில் தோழியாக நின்றது. நீ தாலி கட்டியபோது அவர்கள் போட்ட கூச்சலில் மேளகாரர் ஒரு அடி தவறவிட்டார். அப்படிச் சிரிப்பாக ஒரு கலியாணம் எங்கள் பரம்பரையில் நடந்ததில்லை.

தேங்காய்க் கதையை அடுத்த நாள் அவளிடம் சொல்லிவிட்டேன். கையைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை, நீ தோற்க வேண்டும் என்று நான் தேங்காய் உடைத்தனான் என்றேன். எத்தனை தேங்காய் என்று கேட்டாள். ஒன்று என்றேன். "அப்ப அன்ரியின்ர மெழுகுதிரி வெண்டிட்டுது" என்றாள். வூட்பிரிட்ஜ் அன்ரி தங்கள் கோயிலில் வெல்ல வேண்டும் என்று மெழுகுதிரி ஏற்றியிருக்கிறா. பைனலுக்குப் பிராயச்சித்தமாக ஆளுக்கு ஒன்றாகப் பதினொரு தேங்காய் உடைத்தேன், அதற்குத் தோற்றுப்போனீர்களே என்றேன். பிள்ளையாரை நீங்கள் குழப்பிவிட்டீர்கள் அம்மா என்று சிரித்தாள் பார், சேலை ஊசி தெறித்துப் போனது.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். அம்மா நாள் வைத்துவிட்டா என்று அன்றைக்குச் சொன்னாய். அம்மாவைத் தனிய விட முடியாது என்று இன்றைக்குச் சொல்கிறாய். இரண்டு இடத்திலும் உனக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டு நீ பின்னால் நிற்கிறாய். இதை எங்கே படித்தாய் என்று யோசித்தேன். தூரம் போக வேண்டியிருக்கவில்லை. என்னிடம்தான் படித்தாய்.

உனக்கு ஏழு வயதாக இருந்தபோது அப்பாவுக்குத் தூர மேற்கே எட்மன்ரனில் ஒரு வேலை கிடைத்தது. இங்கே அவர் லொறி ஓடினார், அங்கே அவரை மேற்பார்வைக்குக் கேட்டார்கள். அவருக்குச் சரியான ஆசை. நான், பொடியன்ர பள்ளிக்கூடம் குழம்பிப் போகும், அவன் தன் கூட்டாளிகளை விட்டு வரமாட்டான் என்றேன். நீயா வரமாட்டாய்? மலை பார்க்கலாமோ என்று நீ துள்ளிக்கொண்டு நின்றாய். பயம் எனக்கு. எனக்குத் தெரிந்தது ஒரு பஸ்பாதையும் ஒரு தொழிற்சாலையும்தான். அதை விட்டுப் போக நடுக்கம். எனக்குப் பயம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த மனுசன் ஏதாவது சொல்லியிருப்பார், சிரித்திருப்பார், ஆறு மாதம் பார்ப்போம் என்றிருப்பார். நான் உன்னைச் சாட்டியதும் வாயடைத்துப் போனார். பிள்ளைக்கு எதிராக ஒரு தகப்பன் என்ன கதைப்பது? அதற்குப் பிறகு எட்மன்ரன் என்ற சொல்லை அவர் எடுக்கவேயில்லை. அவருக்கு வருத்தம் கூடிய கடைசி வருடம், ஒருநாள் மத்தியானம் கஞ்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது நான் உண்மையைச் சொன்னேன். "எனக்குத் தெரியும். நீ சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார். பதினெட்டு வருடம் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார், மகன்.

உனக்கும் பயம்தான். எனக்குத் தெரியாதோ? இங்கே நீ மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிறாய், உன்னிடம் வந்து சனம் கேட்கிறது. அங்கே உனக்குப் பாஷை தெரியாது, வேலை தெரியாது, கடையில் பால் வாங்கினாலும் நீ கோச்சின் புருசன். அது ஒரு நடுக்கம்தான், நான் பகிடி பண்ணவில்லை. ஆனால் அந்த நடுக்கத்தை அவளிடம் சொல்லு. பயத்துக்கு அவளிடம் மறுமொழி இருக்கும். இரண்டு ரெயின் மாறிப் பந்து உதைக்கப் போனவளுக்கு, பாஷை தெரியாமல் ரொறன்ரோவில் வந்து இறங்கினவளுக்குப் பயத்தைப் பற்றித் தெரியாதோ? அம்மா என்று நீ சொன்னால் அவள் என்ன சொல்வாள்? ஒன்றும் சொல்ல முடியாமல் என் உள்ளியை உரித்துக்கொண்டு இருந்தாள்.

என் விருப்பத்தைக் கேட்டால் போ என்பேன். போனால் பாஷையைப் படி. அவள் தோற்ற நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியாதே, வென்ற நாளில் உன்னால் வென்றதுபோல நடக்காதே. வேலியோரத்தில் நின்று அவளுக்குக் கோச்சிங் படிப்பிக்காதே. நான் மிளகாய்த்தூளோடு வருவேன், வந்து அந்த முடிதிருத்துபவரிடம் ஒரு கன்னக் கதையை நேரே கேட்க வேண்டும். போக விருப்பமில்லை என்றால் அதுவும் குற்றமில்லை, போக விருப்பமில்லை என்று சொல்லு. அவள் அதைக் கேட்டுக் கோபிப்பாள், கத்துவாள், உங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வழி பிறக்கும். அந்த நடுவில் நான் வந்து நின்றால் ஒன்றும் பிறக்காது.

இதுவரை எழுதியதை இன்று காலமை கியாராவுக்கு முழுதாக வாசித்துக் காட்டிவிட்டேன். விளங்காத இடத்தை இங்கிலீசிலும் கையாலும் சொன்னேன். அவள் தோற்பாள் என்று நீ நம்பியிருந்த இடத்தைக்கூட விடவில்லை. அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மேலே வாசியுங்கோ என்றாள். ஆகையால் என்னை வைத்துச் சொல்ல உன்னிடம் இனி ஒன்றும் மிச்சமில்லை. நாளைக்கு நீ வேலையால் வந்ததும் அவள் உன்னிடம் இன்னொரு முறை கேட்கப் போகிறாள். போவோம் என்று சொல்வாயோ, மாட்டேன் என்று சொல்வாயோ, அது உன் விருப்பம். "அம்மா" என்று தொடங்காமல் ஒரேயொரு வசனம் அவளுக்குச் சொல்லு, ராசா.

அம்மா